முரசு விழாத ஆட்டக்காரன்

முன்னொரு காலத்தில் செங்குளம் சீமையைப் பராக்கிரம மாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் தலையில் தூக்கி வைத்தவனைச் சாயங்காலம் கீழே போட்டுவிடுவார். சடுகுடு என்றால் அவருக்கு உயிர். போரில் தோற்றால்கூடச் சாப்பிட்டுவிடுவார். சடுகுடுவில் தோற்றால் அன்றைக்கு அரண்மனையில் அடுப்பு எரியாது.

அந்தச் சீமை ஆட்டத்தில் ஒரு பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக எதிர்ப்பக்கத்துக்குள் பாடிப் போவார்கள். அதற்கப்புறம்தான் எதிரணியின் முறை. போனவன் எதிரணியில் ஒருவனைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பினால் முரசு முழங்கும். ராஜா மேடையில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டு, முரசுச் சத்தத்தை வைத்தே யார் சூரன், யார் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுவார்.

அப்படியிருக்க, ஆலங்கோட்டை அணியிடம் செங்குளம் தோற்றுப்போனது. மறு ஆட்டம் வெள்ளிக்கிழமை. அதற்குள் அணியின் வாத்தியார் சுடலைமுத்துவைச் சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியவர் அரண்மனை மேலாளர் பூபாலர். தன் அக்காள் மகனை அணியில் சேர்க்கச் சொல்லி, வாத்தியார் முடியாது என்றதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா! நம் காளத்தி புலி மாதிரிப் பாய்கிறவன். அவனை முதலில் அனுப்பாமல், நரைத்துப்போன இந்தப் பேச்சிமுத்துவை அனுப்புகிறார் வாத்தியார். இவன் போகிறான், பாடுகிறான், பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வருகிறான். ஆட்டம் முழுக்க இவன் பெயருக்கு ஒரு முரசு விழவில்லை!"

சபை சிரித்தது. களத்து மண்ணை மிதித்தறியாதவர்கள்கூட ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "ஏழு பேரும் பாய்கிறவர்களாகவே இருக்கட்டும்" என்றார் ராஜ வைத்தியர். "ஏழு பேரையும் ஒன்றாக அனுப்பிவிட்டால் வேலை சுலபம்" என்றார் புரோகிதர். அப்படி ஒரு விதியே கிடையாது என்று அவரிடம் யார் சொல்வது?

சுடலைமுத்து களத்தில் விரலை அசைத்தால் ஏழு பேருக்குப் புரியும். சபையில் வாயைத் திறந்தால் அவருக்கே புரியாது. "அவன் தொடமாட்டான் மகாராஜா... அதுக்குத்தான் அனுப்புறேன்" என்று திணறினார். சபை இன்னும் பலமாகச் சிரித்தது.

"தொடாமல் வருவதற்கு ஒரு ஆளா?" என்று சீறினார் ராஜா. "பேச்சிமுத்துவை நீக்கும். இல்லாவிட்டால் மீசையை மழித்துவிட்டுச் சீமையை விட்டே கிளம்பும்!"

ஊரே கேலி செய்தும் ஒரு வார்த்தை முனகாமல், சொன்னதைச் செய்துகொண்டிருந்தவன் பேச்சிமுத்து. அவனிடம் போய் 'நீ வேண்டாம்' என்று எந்த வாயால் சொல்வது? "மீசையையே எடுத்துக்கிடுங்க மகாராஜா" என்றார் வாத்தியார்.

அதைக் கேட்டதும் அமைச்சர் திருவேங்கடம் எழுந்தார். "தண்டனை எங்கே போகிறது மகாராஜா? அதற்கு முன், தாங்களும் பூபாலரும் ஐந்து காவலர்களுமாகக் களத்தில் நின்று பாருங்கள். பூபாலர் ஆசைப்படியே காளத்தி முதலில் வரட்டும். பிறகு வாத்தியார் வழிப்படி பேச்சிமுத்து, அவன் பின்னாலேயே மறுபடி காளத்தி."

ராஜாவை ஆடக் கூப்பிட்டால் விடுவாரா? வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பூபாலர் வேறு வழியில்லாமல் தொந்தியைச் சுமந்துகொண்டு பின்னால் போனார்.

காளத்தி பாய்ந்து வந்தான். இவர்களோ புதுத் தெம்பில் இருந்தார்கள். காவலர்கள் காலைப் பிடிக்க, ராஜா இடுப்பைக் கட்ட, அப்படியே அமுக்கிவிட்டார்கள். "எப்படி என் பிடி!" என்று ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

"பூபாலர் சொன்ன புலி இதுதானே?" என்று மட்டும் கேட்டுவைத்தார் அமைச்சர்.

அடுத்து பேச்சிமுத்து. "சடுகுடு சடுகுடு" என்று மெல்லப் பாடிக்கொண்டே வலது மூலைக்கு வந்தான். ராஜா பாய்ந்தார், ஒரு முழம் விலகினான். இடது மூலைக்குப் போனான். ஏழு பேரும் அங்கே ஓடினார்கள். மறுபடி வலது. கைக்கு எட்டுகிற மாதிரி நிற்பான், எட்டினால் இருக்கமாட்டான். "பிடி, பிடி" என்று கத்தியே ராஜாவுக்குத் தொண்டை வறண்டது. பூபாலர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். பேச்சிமுத்து யாரையும் தொடாமல், பாட்டு அறுபடாமல், கோட்டைத் தாண்டிப் போனான். முரசு விழவில்லை.

"பார்த்தீர்களா... வெறுங்கை..." என்று மூச்சிரைக்க ஆரம்பித்தார் பூபாலர். முடிப்பதற்குள் வாத்தியார் விரலை அசைத்துவிட்டார். காளத்தி உள்ளே வந்து ராஜாவின் தோளைத் தொட்டான், பூபாலரின் வழுக்கையில் ஒரு தட்டு, போகிற போக்கில் இரண்டு காவலர்கள். கையைத் தூக்கித் தடுக்க ஒருவருக்கும் தெம்பில்லை. அவன் கோட்டைத் தாண்டியதும் ஆளுக்கு ஒன்றாக டம், டம், டம், டம்!

ராஜா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அமைச்சர் குனிந்து கேட்டார்: "மகாராஜா, இந்த முரசை விழவைத்தது யார்? காளத்தியா, பேச்சிமுத்துவா?"

ராஜா நடுங்குகிற தன் கால்களைப் பார்த்தார். "இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாதது இப்போது காலுக்குத் தெரிகிறதய்யா" என்றார். வியர்வையில் ஊறிய முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். எழுந்துபோய் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, உமக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சிரித்தோம். எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லையே!"

பூபாலர் நைசாக நழுவப் பார்த்தார்.

"மேலாளரே, நில்லும். வெள்ளிக்கிழமை முரசு அடிக்கப்போவது நீர்தான். பேச்சிமுத்து எதிரணியை ஓடவிட்டுத் திரும்பினால் அதற்கும் ஒரு அடி விழவேண்டும். தவறவிட்டீரோ, மறுபடியும் அவனுக்கு எதிரே களத்தில் நிற்பீர்!"

வெள்ளிக்கிழமை செங்குளம் ஜெயித்தது. பூபாலர் கண்ணை இமைக்காமல் பேச்சிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஆலங்கோட்டைக்காரர்களை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் இழுத்தடித்துவிட்டு வெறுங்கையோடு கோட்டைத் தாண்டியதும் டம் என்று ஒரு அடி விழுந்தது. தனக்கென்று முரசு கேட்டுப் பழகாத அந்த மனுஷன், யாரைத் தொட்டுவிட்டோம் என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பார்த்த சுடலைமுத்து வாத்தியார் அழுதுவிட்டார். தப்பிப் பிழைத்த மீசை முழுக்க நனைந்துபோனது.