பலாவின் மடிப் போர்வை

மரத்துக்கு வாயும் குரங்குக்கு அதிகாரமும் இருந்த அந்தக் காலத்தில், பலாவுக்குத் தோல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெயருக்கு ஒன்று இருந்தது. கத்தரிக்காய்த் தோலைப்போல வழவழவென்று, நகம் பட்டாலே கிழிந்துவிடும். காய்ப்பதும் மற்ற மரங்களைப்போலக் கிளை நுனியில்தான்.

அப்படி இருக்க வேண்டும் என்பது குரங்குக் கூட்டத்தின் தலைவன் செம்மூஞ்சிக் கடுவனின் உத்தரவு. "இந்த மலையில் எந்தக் காயும் என்ற நகத்தை எதுத்து நிக்கக் கூடாது" என்று பாறைமேல் ஏறி நின்று சொல்லிவிட்டான். மாமரம் தலையாட்டியது. நாவல் தலையாட்டியது. அத்தி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டியது. தென்னை ஒன்றுதான் கடற்கரையில் இருந்ததால் தப்பித்தது. அவன் அதட்டல் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

மற்ற மரங்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. கொத்துக் கொத்தாய்க் காய்த்தால் குரங்கு தின்றது போக மிச்சம் இருக்கும். பலா அப்படிக் காய்ப்பவள் அல்ல. அவள் காய்க்கும் கொஞ்சத்தையும் பிஞ்சிலேயே பறித்து, பாதி தின்று, பாதியை எறிந்துவிடுவார்கள். முற்றிய கொட்டை ஒன்றுகூட மண்ணில் விழுந்ததில்லை. அந்த மலையில் இன்னொரு பலா கிடையாது. தான் சாய்ந்தால் பலா என்ற பேரே சாய்ந்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மரத்தடியில் தினமும் வந்து உட்கார்ந்து பின்னுவாள் பூவாத்தாள். செம்மறி மேய்க்கும் மாரப்பனின் பெண்சாதி. ஆட்டுக் கொம்பில் சீவிய ஒரு கொக்கி ஊசியும் கம்பளி நூலும் அவள் கையைவிட்டு இறங்காது. மலைக்குளிர் அவள் முழங்காலில் இறங்கிவிட்டிருந்தது. அதனால் தன் மடிக்கு ஒரு போர்வை பின்னிக்கொண்டிருந்தாள். துண்டு துண்டாகப் பின்னி ஒன்றோடொன்று சேர்க்க வேண்டிய போர்வை. ஒவ்வொரு துண்டிலும் மொட்டு மொட்டாய் எழும்பி நிற்கும். தடவினால் விரலுக்கு ஏற்ற இறக்கம் தெரியும். தட்டையாய்ப் பின்னினால் காற்று நுழைந்துவிடும், மொட்டு வைத்தால் சூடு தங்கும் என்பது அவள் கணக்கு.

சுனைக்குப் போகிற வழியில் சின்னக்காள் ஒருநாள் நின்றாள். அடுத்த வீட்டுக்காரி. அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"யாருக்குடி இத்தன பாடு? உன்ற மடியில குழந்தையா குட்டியா, என்ன இருக்குது?"

பூவாத்தாள் ஊசியை நிறுத்தவில்லை. "என்ற முழங்கால் இருக்குது. அதுக்குக் குளிருது. வேற யாராச்சும் இருந்தாத்தான் என்ற மடிக்குப் போர்வை போடோணுமா?"

சின்னக்காள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். வெடுக்கென்று பேசிவிட்டாளே தவிர, பூவாத்தாளுக்கு நெஞ்சு எரிந்தது. ஊர் முழுக்க இதே கேள்விதான். கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

மேலே பார்த்துக்கொண்டிருந்த பலா மெதுவாக வாய் திறந்தாள். "பூவாத்தா, உன்ற மடியைப் பத்தி ஊரு பேசுது. என்ற மடியை வருஷா வருஷம் ஒருத்தன் காலி பண்ணிட்டுப் போறான். யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல."

"நீயாவது கேட்டிருக்கலாமே, அக்கா."

"கேக்கறதுக்கு என்ற கிட்ட நகமா பல்லா? உன்ற கையில இருக்கற அந்த மொட்டுத் துண்டு மாதிரி என்ற காய்க்கு ஒரு போர்வை பின்னித் தருவியா? அவன் நகம் நுழையாத மாதிரி."

பூவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். உச்சிக் கிளையில் ஒரே ஒரு பிஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. "பின்னறேன். ஆனா என்ற முழங்காலுக்கு மரமேற வராது. உன்ற காயை நீ கீழ கொண்டு வா."

"கீழ வந்தா அவனுக்கு இன்னும் சுலபமாப் போயிருமே?"

"போகட்டும். ஒளிஞ்சு என்னத்தக் கண்ட? அவன் கைக்கு எட்டற இடத்துலயே வை. எட்டியும் எடுக்க முடியலைன்னாத்தான் அவனுக்கு உறைக்கும்."

அந்தப் பேச்சு பலாவுக்குப் பிடித்துப்போயிற்று. நுனிக் கிளையை நம்பியது போதும் என்று அடிமரத்திலேயே, பூவாத்தாள் உட்கார்ந்தால் கைக்கு வரும் உயரத்தில், ஒரு புதுப் பிஞ்சை விட்டாள். பூவாத்தாள் தன் கம்பளி நூலை எடுத்துப் பிஞ்சைச் சுற்றிப் பின்னத் தொடங்கினாள்.

மொட்டு வைப்பதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரே கண்ணியில், அதாவது ஒரே நூல் வளையத்தில், நூலைத் திரும்பத் திரும்ப இழுத்து, ஊசியில் குவித்து, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சேர்த்துக் கட்ட வேண்டும். பக்கத்தில் இறுக்கமாய் ஒரு சாதாக் கண்ணி போட்டால், குவிந்தது பிதுங்கி மொட்டாகிவிடும். ஆனால் அந்த மொட்டுக்கு ஒரு கெட்ட குணம். பின்னுகிறவள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் பிதுங்கும். மடித் துண்டு பின்னும்போது வரிசைக்கு வரிசை திருப்புவாள்; பின்பக்கம் தன்னைப் பார்க்கும் வரிசையில் மட்டும் மொட்டு வைப்பாள். பழக்கத்தில் கை தானாகச் செய்யும் வேலை அது. உருண்டைப் பிஞ்சைச் சுற்றி வந்தபோது திருப்புவதற்கு இடமில்லை என்பதை அவள் மறந்துபோனாள். சுற்றி முடித்துவிட்டுப் பார்த்தால், மொட்டெல்லாம் உள்ளே போய்விட்டது. வெளியே பழையபடி வழவழப்பு.

செம்மூஞ்சி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். பின்னாலேயே அவன் கூட்டம். தடவிப் பார்த்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"போர்வை போத்தியா என்னைத் தடுக்கறீங்க? நல்லாப் பொத்தி வைங்க. கொஞ்சம் பெருக்கட்டும். அடுத்த சந்தைக்குள்ள வந்து எடுத்துக்கறேன். ஏ பொம்பளை, பிரிச்சு வெச்சுரு, எனக்கு வேலை மிச்சம்!"

அவன் போனபிறகு பலா கிளையைத் தாழ்த்திக் கேட்டாள். "பிரிச்சுப் போட்டு மறுபடி பின்னறியா?"

"பிரிக்க மாட்டேன்." பூவாத்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவன் பிரிக்கச் சொன்னதுக்காகவே பிரிக்க மாட்டேன். உள்ள போனது உள்ளயே இருக்கட்டும். இதுக்கு மேல இன்னொண்ணு பின்னறேன். இந்தத் தடவை மொட்டு வெளிய வரும்."

தனித் துண்டாகப் பின்னி, வரிசைக்கு வரிசை திருப்பி, மொட்டுகளை வெளிப்பக்கம் எழுப்பி, பிறகு காயைச் சுற்றி மூடுவது என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு மொட்டின் நுனியையும் வெடுக்கென்று இழுத்துக் கூராக்கினாள். நூல் அறுந்து அறுந்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. தொங்குகிற நூல் வால்களை வெளியே விட அவளுக்கு மனம் வராது; நல்ல பின்னல்காரிக்கு அது அவமானம். எல்லா வாலையும் ஊசியால் உள்ளே தள்ளினாள். காயோ தினமும் வீங்கிக்கொண்டே போயிற்று. துண்டு எட்டவில்லை. நூல் தீர்ந்துபோயிற்று. மாரப்பனின் ஆடுகளை முன்பே கத்தரித்துக் கம்பளியையும் விற்றிருந்தார்கள். புதுக் கம்பளி கிடைக்க வழியில்லை.

பூவாத்தாள் தன் மடியைப் பார்த்தாள். பாதிக்கு மேல் முடிந்த போர்வை அதன்மேல் கிடந்தது. ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஈடு கொடுத்த போர்வை. கொக்கிப் பின்னலைப் பிரிப்பது வெகு சுலபம். கடைசிக் கண்ணியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் வந்துவிடும். பின்ன எடுத்த காலம் முழுக்கக் கண்ணெதிரே ஓடிப்போகும். அதனால்தான் அவள் ஒருபோதும் பிரித்ததில்லை.

இழுத்தாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் கையை நிறுத்தவில்லை. முழங்காலில் குளிர் ஏறியது. அந்த நூலைக் கொண்டு பலாக்காயின் போர்வையை மேல்வரை பின்னி முடித்தாள். காம்புக்கு வந்து கடைசிக் கண்ணியை முடிந்தபோது, கையில் மிஞ்சியது விரல் நீளம்கூட இல்லாத ஒரு வால். உள்ளே தள்ளினால் நழுவி வெளியே வந்து நின்றது.

"அக்கா, மோசம் போனோம். இந்த முனையைப் பிடிச்சு இழுத்தான்னா எல்லாமே பிரிஞ்சுரும்."

"விடு பூவாத்தா" என்றாள் பலா. "நீ உன்ற மடியையே பிரிச்சுக் குடுத்துட்ட. அந்த முனையை நான் பாத்துக்கறேன்."

சந்தைக்கு முந்தின நாள் செம்மூஞ்சி வந்தான். காயைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. கம்பளி காயின் தோலோடு தோலாய் இறுகிப்போயிருந்தது. உடம்பு முழுக்க மொட்டு, மொட்டுக்கு மொட்டு முனை. நகத்தால் கீறினான். நகம் வழுக்கிற்று. கடித்தான். உதடுதான் குத்துப்பட்டது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பூவாத்தாளைப் பார்த்து உறுமினான்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"உன்னைக் கேக்கலை. நீ யாரைக் கேட்டுத் தின்ன?"

கூட்டத்தில் ஒரு குட்டிக்குரங்கு சிரித்துவிட்டது. செம்மூஞ்சிக்கு மானம் போயிற்று. சுற்றிச் சுற்றிப் பார்த்தவன் கண்ணில் காம்போரம் நீட்டிக்கொண்டிருந்த நூல் வால் பட்டது. "அகப்பட்டுது!" என்று இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி இழுத்தான்.

நூல் அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து பால் கொப்பளித்தது. அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த கோபத்தையெல்லாம் பலா வெள்ளைப் பாலாக விட்டாள். அது அவன் கையில் வழிந்து, காம்பில் வழிந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. உதறினான், வரவில்லை. காலால் உதைத்து இழுத்தான், காலும் ஒட்டிக்கொண்டது. காப்பாற்ற வந்தவன் அவன் முதுகில் ஒட்ட, அவனை இழுக்க வந்தவன் வாலில் ஒட்ட, மலையை ஆண்ட கூட்டம் மொத்தமும் ஒரு காயில் தொங்கிற்று. பூவாத்தாள் சிரித்த சிரிப்பு சுனைவரை கேட்டது.

"விடச் சொல்லு தாயே" என்று கெஞ்சினான் செம்மூஞ்சி. போன தடவை பொம்பளை என்று கூப்பிட்டவன்தான்.

"என்னைக் கேட்டா? அக்காளைக் கேளு."

பலா நிதானமாகப் பேசினாள். "பழுக்கறவரைக்கும் என்ற பிள்ளையத் தொடக் கூடாது. பழுத்தா நானே வாசனை விட்டுக் கூப்பிடுவேன். வர்றவன் கேட்டுட்டுத் தொடோணும். தின்னுட்டுக் கொட்டையை மண்ணுல போடோணும்."

எல்லாவற்றுக்கும் சரி என்றான். வேறு வழி? பூவாத்தாள் வீட்டுக்குப் போய் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்து ஒவ்வொரு கையாகத் தடவி விடுவித்தாள். அவசரப்படவில்லை. தலைவனைக் கடைசியாகத்தான் விட்டாள்.

ஆனி மாதம் மலை முழுக்க மணத்தது. பலாவைப் பிளந்தபோது, உள்ளே போன மொட்டெல்லாம் சாறு ஊறி மஞ்சள் சுளையாகிவிட்டிருந்தது. உள்ளே தள்ளிய நூல் வால்கள் சுளைக்குச் சுளை சக்கையாய்ச் சுற்றிக் கிடந்தன. வாசனை பிடித்துக்கொண்டு முதலில் வந்து நின்றது சின்னக்காள்.

"பூவாத்தா... எனக்கும் ஒரு சுளை..."

பூவாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல கையில தடவு. அப்புறம் அக்காளைக் கேளு."

அடுத்த மழைக்கு மரத்தைச் சுற்றிக் கன்றுகள் எழும்பின. பூவாத்தாளின் ஆடுகளுக்கும் கம்பளி வளர்ந்துவிட்டது. அவள் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, தன் மடிக்கென்று முதல் கண்ணியைப் போட்டாள். இந்த முறை யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்துதான், மலையே தன் கையில் என்று திரிகிறவனும் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் பலாவின் மடியில் கை வைப்பதில்லை.