கஷாயம் போட்டுக் கொடுத்த கதை

முன்னொரு காலத்தில் தவறு என்ற ஒன்றே நடக்காத நாடு ஒன்று இருந்தது. இதை அந்நாட்டு மகாராஜா கீர்த்திசேனரே தம் வாயால் சொல்லியிருக்கிறார். ஆகவே சந்தேகப்பட இதில் ஒன்றும் இல்லை. தினமும் சபை கூடியதும், "என் ஆட்சியில் ஏதேனும் தவறு நடந்ததா?" என்று கேட்பார். "இல்லை மகாராஜா" என்று அமைச்சர்கள் ஒரே குரலில் சொல்வார்கள். பிறகு எல்லோரும் வெற்றிலை போடுவார்கள். விசாரணை முடிந்தது.

இந்த ஒழுங்கைக் கெடுத்தவள் வெள்ளைத்தாயி. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இடிப்பவள். உலக்கைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் மெதுவாகப் பேச அவளுக்கு வராது. ஒருநாள் நேரே சபைக்குள் வந்து நின்றாள்.

"சாமி, அரண்மனையிலேர்ந்து திப்பிலி வருது, தேன் வருது. எல்லாம் பின்வாசல் வழியா சந்தைக்குப் போயிருது. காய்ச்சல்காரனுக்குக் கஷாயம்னு குடுக்கிறது செம்மண்ணைக் கரைச்ச குட்டைத் தண்ணி. போன மாசம் ஒரு வண்டிக்காரன் நடந்து வந்தான். தூக்கிட்டுப் போனாங்க."

வைத்தியசாலையின் தலைவர், ராஜவைத்தியர் அகோர பண்டிதர், பதறாமல் எழுந்தார். "மகாராஜா, தவறே நடக்காத நாட்டில் தவறு நடந்ததாகச் சொல்வதுதானே தவறு?"

மகாராஜாவுக்கு இந்தத் தர்க்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. "போட்டுக்கொடுக்கிற ஜென்மங்களை எனக்குத் தெரியாதா? இப்படித்தான் வருவார்கள்!" என்று எழுந்தார். இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு, கழுத்தை வாத்து மாதிரி நீட்டி, அருகில் நின்ற விகடகவி காளத்தியின் காதோரம் குசுகுசுவென்று நடித்துக் காட்டினார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. காளத்தி மட்டும் காதைத் துடைத்துக்கொண்டான்.

அன்றே ஊரெங்கும் தமுக்கு அடித்தார்கள். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இனி இந்த நாட்டில் யாரும் போட்டுக்கொடுக்கக் கூடாது! மீறுகிறவர் எல்லைக்கு அப்பால் புலிக்காட்டில் விடப்படுவார்!"

முதல் ஆள் வெள்ளைத்தாயி. மறுநாள் மாலை வண்டி கிளம்புவதாக ஏற்பாடு.

காளத்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. போன வருஷம் காய்ச்சலில் அவன் அந்த வைத்தியசாலையில்தான் கிடந்தான். அவனுக்கு வந்த கஷாயக் கலயத்தை வெள்ளைத்தாயி 'கை தவறி'க் கீழே தட்டிவிட்டாள். பிறகு தன் வீட்டு மிளகு ரசத்தை ஊற்றிக் கொடுத்தாள். அவன் இன்று விகடம் பண்ணிக்கொண்டிருப்பது அந்த ரசத்தின் தயவு.

சிறைக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

"ஏன் தாயி, வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"நீ இருப்பியா?"

"வாயைத் திறக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"எனக்கு இடிக்கிறதுக்குச் சம்பளம். உரல்ல மருந்தே இல்லாம எதைய்யா இடிக்க? பண்டிதர் மண்டையையா?" அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. "அந்தக் கலயத்தை நோயாளி கையில குடுக்கிறது நான்தானே. என் மூஞ்சியப் பார்த்து நம்பித்தானய்யா குடிச்சாங்க."

இதற்குக் காளத்திக்கு ஒரு விகடமும் தோன்றவில்லை. அவன் தொழிலில் இது பெரிய விபத்து. எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனான். "ஐயோ அம்மா" என்று முனகி ஒரு கலயம் கஷாயம் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. திரும்பும் வழியில் அரண்மனைச் சமையற்கட்டில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

தம் ஆணையைத் தமுக்கில் கேட்க ஆசைப்பட்டு மாடத்துத் தூறலில் நின்ற மகாராஜாவுக்கு மறுநாள் சளி பிடித்திருந்தது. சபையில் தும்மினார். இன்னொரு தும்மலில் கிரீடம் சரிந்தது.

"யாரங்கே, சுக்குக் கஷாயம்!"

யாரும் அசையவில்லை. சமையற்காரர் சேஷு கைகட்டி முன்னால் வந்தார்.

"உசிரு மேல ஆசை மகாராஜா. போடுறதுல குத்தம் இல்லையாம். குடுக்கிறதுலயும் குத்தம் இல்லையாம். போட்டுக் குடுத்தாத்தான் புலிக்காடாம்."

"எந்த முட்டாள் சொன்னான்?"

சேஷு காளத்தியைப் பார்த்தார். காளத்தி கூரையைப் பார்த்தான்.

"மகாராஜா, ஆணையின் பொருள் அதுவல்ல!" என்றார் அகோர பண்டிதர்.

காளத்தி பணிவுடன் திரும்பினான். "அப்படியானால் சரியான பொருளைப் பண்டிதரே சபையில் விளக்கட்டும். யார், யாரை, எதற்காகப் போட்டுக்கொடுப்பார்கள் என்று ஓர் உதாரணத்துடன்."

பண்டிதர் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் மகாராஜா மறுபடியும் தும்மினார். "ஆணையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்! போட்டுக் கொடுங்கள்!"

"யார் வேண்டுமானாலுமா, மகாராஜா?"

"யார் வேண்டுமானாலும்!"

"எதை வேண்டுமானாலுமா?"

"எதையாவது போட்டுக் கொடுடா!"

"தமுக்கு அடித்துவிடலாமா?"

"அடித்துத் தொலை!"

வாசலில் தமுக்கு அடித்தது. இனி நாட்டில் எவரும் தாராளமாகப் போட்டுக்கொடுக்கலாம். சத்தம் அடங்கும்வரை காத்திருந்த காளத்தி, மேல்துண்டுக்குள்ளிருந்து கலயத்தை எடுத்து மகாராஜாவின் கையில் வைத்தான். கழுத்தில் வைத்தியசாலையின் கறுப்புப் பட்டை போட்ட கலயம். மகாராஜா அதை வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

"குடிக்காதீர்கள்!"

கத்தியவர் அகோர பண்டிதர். குடித்து அரசருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தம் கழுத்தில் தலை நிற்காது என்பதைக் கணக்கிட அவருக்கு நேரமே தேவைப்படவில்லை.

"ஏன்?"

"அது... வைத்தியசாலைக் கலயம், மகாராஜா."

"என் வைத்தியசாலைதானே?"

"ஆமாம். ஆனால் அது... நோயாளிகள் குடிக்கிற கஷாயம்."

"எனக்கும் நோய்தானே?" என்று கேட்டு, மகாராஜா ஒரு கணம் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஆகவே முகம் கோணியது. கலயத்தை நீட்டினார். "நீர் குடியும்."

பண்டிதர் கலயத்துக்குள் பார்த்தார். செம்மண் கரைசலில் அவர் முகமே தெரிந்தது. காலில் விழுந்தார். திப்பிலி, தேன், பின்வாசல், குட்டை, எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. வெள்ளைத்தாயி சொல்லாத அதிமதுரம்கூட வந்தது.

காளத்தி கைகூப்பினான். "மகாராஜா, அடியேன் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஷாயம் போட்டுக் கொடுத்தேன். ஆளைப் போட்டுக்கொடுத்தவர் பண்டிதர். அதுவும் தம்மையே."

மகாராஜா சிரிக்க ஆரம்பித்தார். தும்மலும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. கிரீடம் கீழே விழுந்தும் நிற்கவில்லை. மாலையில் வண்டி புலிக்காட்டுக்குக் குறித்தபடியே கிளம்பியது. உட்கார்ந்திருந்த ஆள்தான் வேறு.

காளத்திக்கு முத்துமாலை கிடைத்தது. வெள்ளைத்தாயியிடம், "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் மகாராஜா.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. வாரத்துக்கு ஒருவாட்டி வைத்தியசாலைக்கு வாங்க. நோயாளிக்குக் குடுக்கிற கலயத்துலேர்ந்து நீங்களும் ஒரு வாய் குடிங்க. அது போதும்."

மகாராஜாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் சரி என்றார். அந்த நாட்டில் கஷாயம் சுத்தமானது அன்றிலிருந்துதான்.

சபை கலைந்தது. காளத்தியும் கிளம்பினான்.

"காளத்தி, கொஞ்சம் நில்."

மகாராஜா கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அந்தப்புரப் பக்கம் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். பிறகு இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அவன் காதோரம் வந்தார்.

"யானைக் கொட்டாரத்தைப் பார்த்துக்கொள்வது மகாராணியின் தம்பி, தெரியுமல்லவா? கரும்பு கட்டுக் கட்டாக உள்ளே போகிறது. யானை இளைத்துக்கொண்டே வருகிறது. மைத்துனர் பெருத்துக்கொண்டே வருகிறார். நீ ஏதாவது பாரேன்... நான் சொன்னதாக மட்டும் இருக்க வேண்டாம்."