அச்சகத் தரையை உயர்த்த ஒரு நல்ல நாள்

"அம்மா, அச்சகத்துக்குள் மூன்றடி உயரத்துக்கு மேடை கட்டலாமா, வேண்டாமா? மூன்று வருஷமாகக் கணக்குப் போடுகிறேன். விடைதான் வரவில்லை" என்றார் தாண்டவராயன்.

தாண்டவராயனுக்கு வயது அறுபத்திரண்டு. வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த தெருவில் பஞ்சாங்கம் அச்சடிப்பவர். பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களையும் கரைத்துக் குடித்தவர். ஆறாவதாக அச்சகத்துக்குள் வெள்ளம் புகுந்ததுதான் சிக்கல்.

அவருடைய குரு மௌனாம்பாளுக்கு வயது நாற்பத்தைந்து. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இல்லை.

"எந்த இடத்தில் கணக்கு நிற்கிறது?"

"இயந்திரத்தையும் காகிதத்தையும் மேடை ஏற்றினால், இரண்டு வெள்ளத்தில் நான் இழக்கும் அளவுக்குப் பணம் செலவாகிவிடும். கட்டிய பிறகு வெள்ளமே வராமல் போனால்?"

"கோபம் வருமா?"

"வராதா பின்னே?"

"கட்டாமல் இருந்து, வெள்ளம் வந்தால்?"



"போன தடவை காகிதம் ஊறி உப்பி, அலமாரியே பிளந்துவிட்டது. இன்னொரு தடவை தாங்காது. அச்சகத்தை மூட வேண்டியதுதான். என்னோடு பதினோரு பேர் வீட்டில் உட்காருவோம்."

"கோபத்தோடு வேலைக்குப் போக முடியுமா?"

"நாற்பது வருஷமாக அப்படித்தான் போகிறேன்."

"அப்படியானால் கணக்கு முடிந்தது. கட்டுங்கள்."

தாண்டவராயன் அசையவில்லை.

"இப்போது முடியாதே அம்மா. இது புரட்டாசி. புரட்டாசியில் வாஸ்து நாள் கிடையாது. தரையில் கடப்பாரை வைக்கக் கூடாது."

"ஆவணியில் ஒன்று இருந்ததே?"

"இருந்தது. ஆறாம் தேதி. அன்றைக்கு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்."

"அடுத்தது?"

"ஐப்பசி பதினொன்று."

"மழை எப்போதாம்?"

தாண்டவராயன் பையிலிருந்து தன்னுடைய பஞ்சாங்கத்தை எடுத்தார். தரையில் விரித்து, விரலால் வரியைத் தேடினார்.

"ஐப்பசி முதல் வாரமே பலத்த மழை என்று போட்டிருக்கிறது."

"ஒரு பக்கம் ஓடு என்கிறது. ஒரு பக்கம் உட்கார் என்கிறது. எழுதியது யார்?"

"கணித்தவர் வேறு. அச்சடித்தது மட்டும்தான் நான்."

"ஒருவேளை அச்சுப் பிழையோ?"

"என் அச்சகத்திலா!" அதுவரை வராத கோபம் தாண்டவராயனுக்கு அப்போது வந்தது.

மௌனாம்பாள் பக்கத்தில் இருந்த செம்பைக் கையில் எடுத்தார். குடிக்கப் போகிறார் என்றுதான் தாண்டவராயன் நினைத்தார். மௌனாம்பாள் அதை நிதானமாகத் தரையில் சாய்த்தார்.

தண்ணீர் பஞ்சாங்கத்தை நோக்கி ஓடியது.

தாண்டவராயன் புத்தகத்தை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தார். கையை ஊன்றாமல் எழுந்து அவருக்குப் பல வருஷம் ஆயிற்று.

"என்ன அம்மா இது!"

"இன்று என்ன கிழமை?"

"வெள்ளி."

"மணி?"

தாண்டவராயன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்று."

சொன்னவர் அப்படியே நின்றார். புத்தகம் நெஞ்சோடு சேர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு துளி ஈரமும் இல்லை.

"ராகு காலம்" என்றார், மெதுவாக.

"அப்படியா?" என்றார் மௌனாம்பாள்.

தாண்டவராயன் பஞ்சாங்கத்தைப் பைக்குள் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கொத்தனார் சங்கிலிமுத்து இந்நேரம் வீட்டில்தான் இருப்பார்" என்றார்.

"பன்னிரண்டு மணி வரை இருந்துவிட்டுப் போங்களேன்."

செருப்புச் சத்தம் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.