எட்டுப் பெட்டி ஆர்க்கெஸ்ட்ரா

தவசிலிங்கம் சீடராகச் சேர்ந்தபோது அவர் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. குரு உலகம்மாளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. கோவில்பட்டிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள். உட்கார்ந்து முடித்ததும் கேட்க நினைப்பதைக் கேட்கலாம். உலகம்மாள் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார். எதையாவது செய்வார்.

பெயின்ட் கடை வைத்திருந்த தவசிலிங்கத்துக்குக் கண்ணை மூடினால் தூக்கம் வந்துவிடும். அன்றைக்கு அந்தத் தூக்கமும் வரவில்லை.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அடுத்த மாசம் மக கல்யாணம். ரிசப்ஷனுக்கு என்ன பாட்டு வைக்கிறதுன்னு தெரியல."

மற்ற சீடர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிறப்பு, இறப்பு என்று கேட்கிற இடத்தில் இந்த மனிதர் பாட்டுக் கச்சேரிக்கு யோசனை கேட்கிறாரே. உலகம்மாள் சிரிக்கவில்லை.

"என்னென்ன பாத்தீங்க?"

"டிஜே ஒண்ணு பாத்தேன், நாலு ஸ்பீக்கர் பெட்டி. கீபோர்டும் வயலினும் வாசிக்கிற பிள்ளைக ரெண்டு பேர் இருக்காங்க. விலை சல்லிசு, ஆனா ரெண்டே பெட்டி. மதுரையில ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இருக்கு. எட்டுப் பெட்டி!" எட்டு என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. பிறகு வாடியது. "அதை வச்சா சாப்பாட்டுல கைவைக்கணும். சமையல்காரர் அல்வாவைக் கேசரியாக்கிருவோம், பாயசத்தை எடுத்துருவோம்ங்கிறார். அப்பவும் பத்தலைன்னா இலையையே எடுத்துட்டு பரோட்டா குருமாவாம்."

"அந்த எட்டுப் பெட்டியில யாரு பாடுறாங்க?"

"அதைக் கேக்கலம்மா."

"பழைய பாட்டா, புதுப் பாட்டா?"

"அதையும் கேக்கல."

"நல்லாப் பாடுவாங்களா?"

"சத்தம் நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

உலகம்மாள் எழுந்து பாயை உதறினார்.

"பொண்ணு என்ன சொல்லுது?"

"அது பேசவே மாட்டேங்குதும்மா."

அதற்கு மேல் தவசிலிங்கம் சொல்லவில்லை. குருவும் கேட்கவில்லை. ஆனால் நமக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் பொன்னெழிலுக்கு வேறோர் இடத்தில் நிச்சயமாகி, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. முகூர்த்தப் புடவை எடுக்கப் போன கடை வாசலில், காரை வெயிலில் நிறுத்திவிட்டான் என்று அந்த மாப்பிள்ளை டிரைவரை ஓங்கி அறைந்தான். பொன்னெழில் பார்த்தாள். கடைக்குள் போகவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, "இவர் வேண்டாம்ப்பா" என்றாள். தவசிலிங்கம் மறுபேச்சு பேசாமல் சம்பந்தத்தை முறித்தார். அந்த மட்டில் நல்ல தகப்பன்தான்.

ஆனால் பெண் பிள்ளை மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள் என்று சொன்னால் திமிர் பிடித்தவள் என்பார்களே? பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போய், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருத்தர்கூட நம்பவில்லை. நிச்சயத்துக்கு முன்னால் பார்க்காத ஜாதகத்தைப் பத்திரிகை அடித்த பிறகா பார்ப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார்.

இப்போது நல்ல இடம் அமைந்திருந்தது. புது மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், பொன்னெழிலே சொல்லிவிட்டாள். ஆனால் ரிசப்ஷனுக்குச் சொந்தம் முழுக்க வரும். வந்தால் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். தவசிலிங்கம் ஸ்பீக்கர் பெட்டியால் மூடிப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

பொன்னெழில் கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள். "என்னைப் பத்தி யாரும் எதுவும் கேட்டுறக் கூடாதுன்னுதானேப்பா இத்தனை பெட்டி? அப்படி என்ன கேவலத்தைப் பண்ணிட்டேன் நான்?" என்று கேட்டாள். கேட்டவள்தான். அதன்பின் புடவையா, நகையா, எதற்கும் "உங்க இஷ்டம்ப்பா" என்பதோடு சரி. தகப்பனுக்குத் தன்னால் அவமானம் என்று நினைத்துக்கொண்டே பிள்ளை மணையில் உட்காருவாளோ என்று தவசிலிங்கத்துக்கு நெஞ்சை அறுத்தது. அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. பெட்டியை எண்ணுவது அதைவிட எளிதாக இருந்தது.

உலகம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்குச் சாயந்திரம் நம்ம மாரிச்சாமி மகனுக்கு ரிசப்ஷன். வண்டியில கொண்டுபோய் விடுறீங்களா அண்ணாச்சி?"

மாரிச்சாமி உடன் உட்காரும் சீடர். தவசிலிங்கத்துக்கும் பத்திரிகை வைத்திருந்தார். மொய்க் கவர் ஏற்கெனவே வேறொருவர் கையில் போய்விட்டது. குரு கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று தவசிலிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

வாசலில் இறங்கியதும் உலகம்மாள், "வண்டியை நிழல்ல போட்டுட்டு வாங்க. சாப்பிட்டுட்டுப் போவோம்" என்று உள்ளே நடந்துவிட்டார்.

மண்டபத்தில் ஆர்க்கெஸ்ட்ரா. பாட்டு காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. நாற்காலி அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வாயசைப்பதும் தலையாட்டுவதுமாக இருந்தார்கள். மாரிச்சாமி வந்து தவசிலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். இவரும் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

தவசிலிங்கத்துக்கு வெகுநாளைக்குப் பிறகு தோள் தளர்ந்தது. இதுதான், இதுவேதான் வேண்டும். இங்கே எவன் என்ன கேட்டுவிட முடியும்? பாயசம் போனால் போகட்டும், நாளைக்கே மதுரைக்கு முன்பணம் கட்டிவிட வேண்டியதுதான்.

உலகம்மாள் பக்கத்து நாற்காலியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சண்முகத்தாய் அக்கா வந்தாள். தவசிலிங்கத்தின் பெரியம்மா மகள். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் சமையல்காரருக்கு முன்னால் போய்விடுகிறவள். இரண்டு வருடமாகக் கையில் சிக்காத தம்பி சிக்கிவிட்டான். அவள் முகத்தில் அவ்வளவு பிரியம். குனிந்து காதருகில் எதையோ கேட்டாள்.

கேட்கவில்லை என்று தவசிலிங்கம் கையைக் காட்டினார். உண்மையாகவே கேட்கவில்லை.

அக்கா மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை 'மாப்பிள்ளை' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அவர் இன்னும் பலமாகக் கையை ஆட்டினார்.

அக்கா விடுகிற ஆளில்லை. கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். வாயருகில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு, வயல் கடைசியில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். அதே நொடியில் பாட்டு முடிந்தது.

"மொதப் பாத்த மாப்பிள்ளையை எதுக்குடா விட்டீங்கன்னு கேக்கேன்!"

மண்டபம் முழுக்க அந்த ஒரு குரல்தான். பந்தி வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். மேடையில் போட்டோவுக்கு நின்ற மாப்பிள்ளையும் பெண்ணும் திரும்பினார்கள். மைக் பிடித்திருந்த பாட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். அக்காவே பயந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவசிலிங்கம் குருவைப் பார்த்தார். குரு ஐஸ்கிரீம் கப்பின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு உதவியும் வருகிற மாதிரி தெரியவில்லை.

ஜாதகம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்தபோது மகளுடைய முகமும் கூடவே வந்தது. முழுக்க நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு?

"நாங்க விடலக்கா!" காது அடைத்திருந்ததால் அவரும் கத்தித்தான் சொன்னார். "எம்மகதான் வேண்டாம்னா! பொடவை எடுக்கப் போன எடத்துல கார் ஓட்டுனவரைக் கைநீட்டி அடிச்சான் அவன். அடிக்கிற கை நாளைக்கு வீட்டுக்குள்ளயும் வரும்னு எம்பிள்ளை பஸ் ஏறி வந்துட்டா!"

"அப்ப ஜாதகம்?"

"ஜாதகமெல்லாம் ஒண்ணுமில்ல. அது நாஞ் சொன்ன பொய்."

சண்முகத்தாய் அக்கா கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அடக் கிறுக்குப் பயலே! நாங்க என்னென்னமோ நெனச்சு, பிள்ளைக்கு உடம்புக்குத்தான் ஏதோன்னு கோயில் கோயிலா நேந்துக்கிட்டுக் கெடக்கோம். கைநீட்டுறவனுக்குக் கழுத்தை நீட்டாம வந்தாளே எம்மருமவ! இதையாடா மூடி வச்சே?"

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், யாரென்றே தெரியாதவர், இவர் பக்கம் திரும்பினார். "எந்தங்கச்சி மகளும் வேண்டாம்னுதான் சொன்னாய்யா. நாங்கதான் காதுல வாங்கல" என்றார். வேறொன்றும் சொல்லாமல் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டினார். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் பழையபடி வாயசைக்கத் தொடங்கினார்கள். அக்கா சைகையிலேயே சாப்பிடக் கூப்பிட்டாள்.

தவசிலிங்கம் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ரசத்தில் மிளகு அதிகம் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். அவருக்கு அது கேட்கவில்லை, தலையாட்டினார்.

திரும்பும் வழியில் தவசிலிங்கம் கேட்டார்.

"அம்மா, அப்ப எதைத்தான் வைக்க?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க அண்ணாச்சி. முன்னாடி மாடு நிக்குது."

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பொன்னெழில் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லார் முன்னாடியுமாப்பா?"

"மண்டபமே கேட்டுச்சும்மா."

"பொய் சொன்னேன்னும் சொன்னீங்களா?"

"அதையும்தான் கத்திட்டேன். காது அடைச்சிருந்துச்சுல்ல."

பொன்னெழில் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, பாதியிலேயே அது அழுகையாகி, அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தவசிலிங்கம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "தப்பு பண்ணிட்டேன் தாயீ" என்றார். அப்படிச் சொல்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முதலில் கேட்டது, "பாயசத்தை எடுத்துட்டீங்களா?" என்றுதான்.

"இல்ல. பாட்டு என்ன வைக்கணும்னு நீயே சொல்லு."

கீபோர்டும் வயலினும் வாசிக்கிற பிள்ளைகளை அவள்தான் போய்ப் பார்த்தாள். என்னென்ன வாசிப்பார்கள் என்று கேட்டாள். ஒன்றிரண்டை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாள். சமையல்காரரிடம் அல்வா அல்வாவாகவே இருக்கட்டும் என்று சொல்லியாயிற்று.

ரிசப்ஷன் அன்று தவசிலிங்கம் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்காமல் தயங்கி நின்ற ஒருவருக்கு இவராகவே சொன்னார். பத்துப் பேருக்குச் சொன்ன பிறகு கதை அவருக்கே பழகிப்போய், நடுநடுவே கொஞ்சம் நடித்தும் காட்டினார்.

மேடையில் ஒரு சித்தப்பா, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பொன்னெழிலிடம் அதையே கேட்டார். கீழே நின்ற தவசிலிங்கத்துக்கு அது தெளிவாகக் கேட்டது. அவருக்கு ஒரு நிமிஷம் பழைய பயம் வந்தது.

"ஆமா சித்தப்பா. நாந்தான் வேண்டாம்னேன்" என்றாள் பொன்னெழில்.

"அப்ப நாங்கூட ஜாக்கிரதையா இருக்கணும்" என்றான் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை.

மூன்று பேரும் சிரித்தார்கள். போட்டோக்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

தவசிலிங்கத்துக்கு இனி கவலைப்பட ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்காரர் கவலைப்படாமல் எப்படி நிற்பது? மேடை ஓரத்தில் அந்தப் பிள்ளைகள் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாய் அக்கா அவர்களுக்கு எதிரிலேயே நாற்காலியைத் திருப்பிப் போட்டு நான்கு பேருக்கு ஏதோ வியாக்கியானம் பண்ணிக்கொண்டிருந்தாள். எந்த வரிசையைப் பார்த்தாலும் தலைகள் ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்பியிருந்தன. கொடுத்த காசுக்குப் பாட்டு சரியாக இருக்கிறதா, இல்லையா?

கூட்டத்தில் உலகம்மாளைத் தேடிப் பிடித்தார். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, பாட்டு எப்படி இருக்கு?"

"எங்க கேட்டுச்சு அண்ணாச்சி? உங்க சொந்தக்காரங்க பேச்சை நிப்பாட்டினாத்தானே!"