வெண்ணெய்ச் சட்டியும் சுத்தமான கையும்

ஜமீன்தார் கட்டியப்ப பூபதி புலி வேட்டைக்குப் போனதே இல்ல. ஆனா தெனமும் சமையல்கட்டுக்கு வந்து வெண்ணெயை மோந்து பாத்து வீரம் காட்டுவாரு, பாவம்!

"மறுபடியும் நாத்தம்! ஏய் சடைச்சி, உன் கை அழுக்குடி. மூணு நாள் தர்றேன். இந்தக் கத்திரி வெயில்ல வெண்ணெய் இந்த மேடையிலயே இருக்கணும். உருகக்கூடாது, இறுகக்கூடாது, கெடக்கூடாது. இல்லேன்னா வேலைய விட்டு ஓடு!"

சமையக்காரி சடைச்சி பவ்யமா கும்பிட்டா.

"உத்தரவு எசமான். ரெண்டு மண்சட்டியில தண்ணி ஊத்தி, வெண்ணெய் உருண்டைய மிதக்கவிட்டு, ஈரத்துணி சுத்தி, தனித்தனிக் கம்பிக்கூண்டுல வச்சுப் பூட்டுவோம். ஒண்ணுக்கு என் அழுக்குக் கையால தெனம் தண்ணி மாத்துறேன், சாவி உங்க வீட்டம்மா நாச்சியார்கிட்ட இருக்கட்டும். இன்னொண்ணுக்கு உங்க சுத்தமான கையாலயே மாத்துங்க. சாவியும் நீங்களே வச்சுக்கிடுங்க."

ஜமீன்தாருக்குப் பெருமை தாங்கல. சாவிய இடுப்புல சொருகிட்டாரு.

மூணாம் நாள் நாச்சியார் முன்னால ரெண்டு கூண்டையும் திறந்தாங்க. சடைச்சி சட்டியில வெண்ணெய் மல்லிப்பூ மாதிரி மெத்துனு இருந்துச்சு. எசமானோட சட்டியத் திறந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்துனாங்க. பாதி உருண்டையக் காணோம். மிச்சத்துல விரல் குழியும் வெல்லத்தூளும்!

"எலி வந்திருக்கும்," அப்படின்னாரு ஜமீன்தார்.

"ஆமா எசமான், சாவி வச்சிருக்கிற எலி."

நாச்சியார் அவரு இடுப்புலருந்து சாவிய உருவி சடைச்சி கையில குடுத்தாங்க.

"அப்ப எனக்கு வெண்ணெய்?" ஜமீன்தார் மெல்லக் கேட்டாரு.

"கரண்டியில கேளுங்க எசமான், தர்றேன். விரலுக்குத் தர்றதா இல்ல."