கோலம் தின்ன யானை

ஒரே ஒரு ஊர்ல, ஊர்னா சாத்தூருக்குத் தெக்க நாலு மைல்ல இருக்கிற ஊர், அங்க வெள்ளத்தாயினு ஒருத்தி இருந்தா. ம் சொல்லு. நீ ம் சொல்லாட்டி எனக்குக் கதை வராது.

ம். அந்த வெள்ளத்தாயிக்கு ஒரே மக, பேரு பூரணி. பூரணி எங்க வேலை பாத்தா தெரியுமா? ஆப்பிரிக்காவுல தெக்குப் பக்கம் ஜாம்பியானு ஒரு தேசம், அங்க ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். வாம்மா வாம்மானு மூணு வருஷமா கூப்பிட்டா. இவ என்னடான்னா, நான் வந்துட்டா என் வாசல்ல யாரு கோலம் போடுவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஒரு நாள் தவறாம கோலம் போட்டவ அவ. காய்ச்சல்ல கிடந்தப்பக் கூட எந்திரிச்சு வந்து நாலு புள்ளி வச்சுட்டுத்தான் போய்ப் படுத்தா. அப்படி ஒரு பிடிவாதம். உன்ன மாதிரின்னு வச்சுக்கோ.

அப்புறம் ஒரு லீவுக்கு, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட வாசல ஒப்படைச்சுட்டு ஏரோபிளேன் ஏறிட்டா. பொட்டியில சேலை நாலு. மிச்ச இடம் பூராவும் பச்சரிசி மாவு.

பூரணி அம்மாவ எங்க கூட்டிட்டுப் போனா? கரிபானு ஒரு ஏரிக்கு. ஏரின்னதும் நம்ம கண்மாய நினைச்சுக்காத. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை கண்ணுக்கே தெரியாது. அந்த ஏரிக்கரை ஓரமா கூரை போட்ட சின்னச் சின்ன வீடா கட்டி விட்டிருந்தாங்க, லீவுக்கு வர்றவங்க தங்குறதுக்கு. லாட்ஜு. வேலி கிடையாது, சுவர் கிடையாது, வாசலைத் தாண்டினா காடுதான். தண்ணிக்குள்ள நீர்யானை கிடந்து "புர்ர்ர், புர்ர்ர்"னு மூச்சு விடும். ஜீப்புல உக்காந்து காட்டுக்குள்ள போனா மான் துள்ளும், எருமை முறைக்கும், வரிக்குதிரை கூட்டமா நிக்கும். வெள்ளத்தாயி அதைப் பாத்துட்டு, யாருடி இது கழுதைக்குக் கோலம் போட்டு விட்டதுன்னு கேட்டா. சந்தோஷம்னா சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

வந்த அன்னைக்கே லாட்ஜுல ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லிட்டாங்க. வெளியில சாப்பிடுற பொருள் எதையும் வைக்கக் கூடாது. பூரணி அதை அம்மாகிட்ட தமிழ்ல ரெண்டு தடவை சொன்னா. வெள்ளத்தாயியும் தலையத் தலைய ஆட்டினா. ஆனா மறுநாள் விடியக்காலம் எந்திரிச்சு என்ன செஞ்சா? வாசலைக் கூட்டி, தண்ணி தெளிச்சு, பச்சரிசி மாவுல பெரிய கோலமா போட்டுட்டா. கோலம் என்ன சாப்பாடா? அவ கணக்கு அது.

ம் சொல்லு. ஆ, சரி.

முத நாள் யார் வந்தாங்க? கின்னிக்கோழி. "கொக் கொக் கொக்"னு பத்துப் பதினஞ்சு வந்து கோலத்தைக் கொத்திட்டுப் போச்சு. போகட்டும், நாலு உசுரு சாப்பிடத்தானே மாவுல போடுறதுன்னு வெள்ளத்தாயிக்குப் பெருமை. ரெண்டாம் நாள் காட்டுப்பன்னி. முன்னங்கால மடக்கி முட்டி போட்டு, "சளப் சளப்"னு நக்கிருச்சு. மரியாதை தெரிஞ்ச பன்னின்னு சொல்லிச் சிரிச்சா.

மூணாம் நாளு விடியுற நேரம். வெள்ளத்தாயி கோலம் போட்டுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு, சன்னல் வழியாப் பாக்குறா. "தொம், தொம், தொம்." மரத்துக்குப் பின்னால இருந்து யார் வந்தது?

யானை. ரொம்பப் பெருசு இல்ல, விடலை. தாயோட கூட்டத்துல இருந்துக்கிட்டே தனியாவும் சுத்துற வயசு. அது மெதுவா வந்து, தும்பிக்கை நுனியால கோலத்தைத் தொட்டுப் பாத்துச்சு. அப்புறம் "சர்ர்ர்"னு ஒரே உறிஞ்சு. மாவு மூக்குல ஏறி "அஃஃச்ச்"னு ஒரு தும்மல். மூஞ்சி பூரா வெள்ளை. யானை மூஞ்சியில திருநீறு பூசின மாதிரி ஆகிப்போச்சு.

அப்போ வெள்ளத்தாயி என்ன செஞ்சா? உனக்கும் எனக்கும் தோணாதது அவளுக்குத் தோணுச்சு. பிள்ளையாரே வந்துட்டாருன்னு நினைச்சுட்டா. கடல் தாண்டி வந்தும் கோலத்தை விடலையே, அதுக்குத்தான் வந்திருக்காருன்னு, சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு தலையில குட்டிக்கிட்டா. தோப்புக்கரணம் போட்டா. முட்டி வலி அவளுக்கு, இருந்தும் பதினொண்ணு போட்டா. மக தூங்கிட்டிருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

சாமி வந்தா சும்மா அனுப்பலாமா? அன்னைக்கு மத்தியானம் சமையக்கட்டுல போய், எஸ்தர்னு அங்க சமைக்கிறவகிட்ட கையாலயே பேசி, அடுப்புல இடம் வாங்கி, தேங்காயும் சக்கரையும் வச்சு இருபத்தியோரு கொழுக்கட்டை பிடிச்சா. மறுநாள் கோலத்து நடுவுல அதை வச்சா. யானை வந்து "லபக், லபக்"னு இருபத்தியொண்ணையும் தின்னுட்டு, இன்னும் இருக்கான்னு கதவை முட்டிப் பாத்துட்டுப் போச்சு.

அப்போதான் மாட்டிக்கிட்டா. அந்த லாட்ஜுல காட்டுக் காவலுக்கு முதெண்டானு ஒருத்தர். அம்பது வயசு இருக்கும், தோள்ல எப்பவும் துப்பாக்கி. காலையில வாசல்ல கால் தடத்தைப் பாத்தாரு, சிந்தின மாவைப் பாத்தாரு. சத்தம் போடல. வாசப்படியில உக்காந்து, மெதுவா பூரணிகிட்ட சொன்னாரு, அவ அம்மாவுக்குச் சொன்னா.

"போன வருஷம் ஒரு யானை இப்படித்தான் மனுஷன் கையால சாப்பிட்டுப் பழகிருச்சு. அப்புறம் வீட்டுக் கதவை உடைக்க ஆரம்பிச்சுது. காட்டு இலாகா ஆபீசுல இருந்து சுடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. சுட்டது நான்தான்."

பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வச்சோம்னு நினைச்சா, ஒரு புள்ளைக்கு எமனைக் கூட்டிட்டு வந்திருக்கோமேன்னு வெள்ளத்தாயி அழுதா. முதெண்டா அவளைத் திட்டவே இல்ல. அவங்க கிளம்ப இன்னும் அஞ்சு நாள் இருக்கு, அதுக்குள்ள அது வர்றதை நிறுத்தினா நான் ஆபீசுக்கு எழுத மாட்டேன், நிக்கலேன்னா எழுதித்தான் ஆகணும்னாரு.

தூங்கிட்டியா? இல்லையா? கண்ணு மட்டும் மூடியிருக்கா. சரி சரி.

அந்த அஞ்சுல முத நாள், வெள்ளத்தாயி கோலமே போடல. அத்தனை வருஷத்துல முத தடவை வாசல் வெறுமையா கிடந்துச்சு. யானை வந்துச்சு. தரையத் தடவுச்சு, காணோம். சன்னல் வழியா தும்பிக்கைய உள்ள விட்டு, "ஸ்ஸ்ஸ்"னு மோந்து மோந்து, கட்டில்ல கிடந்த போர்வைய இழுத்துட்டுப் போயிருச்சு. வர்றது நிக்கல.

ரெண்டாம் நாள், எஸ்தர் ஒரு தட்டு, பூரணி ஒரு தட்டு, வெள்ளத்தாயி ஒரு அண்டா. யானை வந்ததும் மூணு பேரும் உள்ள இருந்து "டங்கு டங்கு டங்கு"னு அடிச்ச அடியில ஏரியில இருந்த கொக்கெல்லாம் பறந்துருச்சு. யானை பயந்துச்சா? ரெண்டு எட்டு பின்னால போச்சு. அப்புறம் காதை ஆட்டிக்கிட்டு, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டு, கச்சேரி கேக்குற மாதிரி நின்னுருச்சு. அண்டாதான் நெளிஞ்சது.

அன்னைக்கு வெள்ளத்தாயிக்குச் சோறு இறங்கல. சாயங்காலம் முதெண்டாவத் தேடிப் போய், உங்க ஊர்ல வெள்ளாமைய யானைகிட்ட இருந்து எப்படிக் காப்பாத்துவீங்கன்னு பூரணியக் கேக்கச் சொன்னா. அவரு சொன்னாரு, சோளக் கொல்லையச் சுத்திக் கயிறு கட்டி, மிளகாய அரைச்சுத் துணியில பூசித் தொங்க விடுவோம், யானைக்கு அந்த நெடி ஆகாதுன்னு. உசுருக்கு ஆபத்து உண்டான்னு கேட்டா. ஒண்ணும் ஆகாது, கொஞ்ச நேரம் எரியும், ஆனா மறக்காதுன்னாரு.

வெள்ளத்தாயி துணியெல்லாம் வேண்டாம்னுட்டா. அது துணியத் தேடியா வருது? என் கோலத்தைத் தேடித்தானே வருது, கோலம்தான் அதுக்கு எரியணும்னா.

எஸ்தர் அந்த ஊரு மிளகாய ஒரு கூடை கொண்டாந்தா. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், ஆனா எங்கூரு மிளகாயெல்லாம் அதுக்கு முன்னால சக்கரைன்னு வெள்ளத்தாயியே ஒத்துக்கிட்டா. அதை வறுத்து இடிச்சாங்க பாரு, "ஹச்", "ஹச்", "ஹச்சு"னு லாட்ஜே தும்முச்சு. துப்பாக்கி வச்சிருக்கிற முதெண்டா கண்ணுல தண்ணி வடிய ஓடினாரு.

மூணாம் நாள் விடியக்காலம், பச்சரிசி மாவோட மிளகாப்பொடியக் கலந்தா. பக்கத்துலயே ஜீப்புல முதெண்டா காவல். வெள்ளத்தாயி உக்காந்து கோலம் போட்டா. இருபத்தியோரு புள்ளி. அவ போட்டதுலயே அழகான கோலம் அதுதான்னு பூரணி சொல்லுவா. விரல் எரிஞ்சுது, கண்ணு எரிஞ்சுது, மனசு அதுக்கு மேல எரிஞ்சுது. நம்பி வர்ற வாயில மிளகா வைக்கிறேனே, அப்பனே என்ன மன்னிச்சுருன்னு சொல்லிக்கிட்டே போட்டா.

"தொம், தொம், தொம்." வந்துருச்சு. கோலத்தைப் பாத்ததும் அதுக்கு என்ன சந்தோஷம், வாலு சுத்துது. தும்பிக்கைய வச்சு "சர்ர்ர்."

ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் "அஃஃச்ச்ச்!" ஏரிக் கரை அதிர ஒரு தும்மல். "ப்பீஈஈ"னு ஒரு கத்தல். தலைய உதறுது, சுத்திச் சுத்தி வருது, சன்னல்ல நிக்கிற வெள்ளத்தாயிய ஒரு பார்வை பாத்துச்சு. நீயா இப்படின்னு கேக்குற மாதிரி ஒரு பார்வை. திரும்பி "தடதடதட"னு ஓடிச்சு பாரு, நேரா தண்ணியில போய் "தொபுக்." தும்பிக்கைய விட்டு அலசு அலசுன்னு அலசிட்டு, காட்டைப் பாக்கப் போயிருச்சு. வெள்ளத்தாயி அந்த ஓட்டத்தைப் பாக்காம சேலையில மூஞ்சியப் பொத்திக்கிட்டா.

மறுநாள் வருமா? வரல. அதுக்கு மறுநாளும் வரல. அப்பவும் அவளுக்கு நம்பிக்கை வரல. தூரமாத்தான் நிக்குதோ, நான் போனதும் வந்துருமோன்னு ஒரே அரிப்பு.

கடைசி நாள் மத்தியானம் எல்லாரையும் படகுல கூட்டிட்டுப் போனாரு முதெண்டா. "டுப டுப டுப"னு போகுது படகு. ஒரு வளைவு திரும்பினா கரையில யானைக் கூட்டம், தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்குது. நடுவுல நம்ம ஆளு. முதெண்டா இன்ஜினை நிறுத்திட்டாரு. காத்து படகுல இருந்து கரையப் பாக்க அடிச்சுது.

அந்த விடலை தும்பிக்கையத் தூக்குச்சு. மோந்துச்சு. படகைப் பாத்துச்சு. வெள்ளத்தாயியப் பாத்துச்சு.

எங்க வந்து தும்பிக்கைய நீட்டிருமோன்னு இவளுக்கு நெஞ்சு அடிக்குது, "திக் திக் திக்."

காதை விரிச்சுது. "ப்பீஈஈ"ன்னுச்சு. அவ்வளவுதான், வாலைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடி, தாய்க்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிச்சு. அவ்ளோ பெரிய உடம்பு, எங்க ஒளிய முடியும்? பாதி உடம்பு வெளியிலதான் தெரிஞ்சுது. தாய் ஒரு அதட்டு அதட்டிட்டு, கூட்டத்தையே கூட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருச்சு.

முதெண்டா தொப்பியக் கழட்டி மடியில வச்சாரு. வாய் நிறையச் சிரிச்சாரு. வெள்ளத்தாயிக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது, ரெண்டும் சேந்து வருது. படகுலயே எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டா.

"பூரணி, என்னப் பாத்துப் பயந்து ஓடுறான்டி. பொழைச்சுக்குவான். பிள்ளையார விரட்டி விட்டுட்டுச் சந்தோஷப்படுறவ உலகத்துலயே நான் ஒருத்திதான்டி."

யானை காட்டுக்குள்ள போயாச்சு, கதை கரையேறியாச்சு. ம் சொல்ல ஆளக் காணோம். தூங்கு, தங்கம்.