முதலாளி மடியில் பித்தளைப் பலகை

ஏலத்தோட்ட முதலாளி பூபதியின் அறுபது வருஷத்து ஜீப், போடிமெட்டு மலைச்சாலையின் மூன்றாவது வளைவிலேயே கொதித்து நின்றுவிட்டது. முந்தின வாரம்தான் அதன் எஞ்சினைப் பிரித்துப் புதுசாகக் கட்டியிருந்தாள் மெக்கானிக் பவுன்தாய்.

மறுநாள் பட்டறை வாசலில் ஊரையே கூட்டிவிட்டார் பூபதி. "பொம்பளை கட்டின எஞ்சின் கொதிக்காம என்ன செய்யும்? இன்னிக்கு இது கொதிக்காம மெட்டு ஏறணும். இல்லேன்னா இவ இனிமே ஸ்பேனரைத் தொடக்கூடாது!"

"சரிங்க முதலாளி. எஞ்சின்ல ஒரு நட்டைக்கூடத் தொடாம ஏத்திக் காட்டுறேன். ஏறிட்டா, இதை யாரு கட்டினதுன்னு உங்க வாயாலயே சொல்லணும்."

"சொல்றேன், போ!"

பவுன்தாய் ஜீப்பின் முன்னால் போய்க் குந்தினாள். ரேடியேட்டருக்கு நேர் எதிரே, காற்று புக விரல்கடை இடம்கூட விடாமல், 'பூபதி எஸ்டேட்' என்று ஒரு பித்தளைப் பலகை. எஞ்சின் புதுசான பெருமையில் அவரே மாட்டியது. நாலு போல்ட்டைக் கழற்றினாள்.

"உங்க பேரைக் கீழே வைக்க மனசு வரலை முதலாளி. மடியில வச்சுக்குங்க."

பவுன்தாய் ஓட்ட, பதினேழு வளைவையும் ஏறிவிட்டது ஜீப். துளி ஆவி இல்லை. பலகைக் கனத்தில் வியர்த்து வழிந்தது முதலாளிக்குத்தான்.

பின்னாலேயே லாரியில் வந்த கூட்டம் சூழ்ந்துகொண்டது. "எஞ்சின் யாரு கட்டினது முதலாளி?"

"பவுன்தாய்..." என்று முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் அவள். "எஞ்சினே நல்லா மூச்சு விடுது. உங்களுக்கு ஏன் தொண்டை அடைக்குது?"